தலைகீழ் ஃபோர்க்கின் உறுதியும் ஊறும்

உலகத்துப் பொருள்களுட் பல, தமக்கு வலிமை தருவதொன்றினாலேயே தமக்குரிய ஊறொன்றையும் உடன்பெற்று நிற்கின்றன. கூர்மை மிக்க கத்தி விரைவில் மழுங்கும். நுண்மை மிக்க பட்டிழை சிறு முள் பட்டாலும் அறும். காஞ்சிமாநகரிற் பட்டுத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்த எமக்கு இவ்வுண்மை இளமையிலேயே செவியிற் பட்டதுண்டு. ஆயினும் அது நெஞ்சிற் பதிந்தது சென்ற ஆண்டு ஏலகிரி மலைச்சாலையில், வீழ்ந்து கிடந்த ஒரு மிதிவண்டியின் அருகே யாம் நின்றபொழுதுதான். அன்று கற்றதனை நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குப் பொறிநூற் செய்தியில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். மிதிவண்டி ஏறுவார்க்கெல்லாம் அதில் வேலை உண்டு என்பதே எம் விடை. நம் கல்லூரியின் வண்டி நிறுத்தத்தில் இன்று மலைமிதிவண்டிகள் பல நிற்கின்றன. தலைகீழ் ஃபோர்க் என்பதனைக் கண்டு, 'இது மாறி மாட்டப்பட்டதோ?' என்று ஐயுறுவாரும், 'இதுவே உயர்ந்தது. வாங்கினால் இதனையே வாங்குக' என்று அறுதியிட்டு உரைப்பாரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் அறிய வேண்டுவன சில உண்டு.

ஃபோர்க்கின் அமைப்பு

மிதிவண்டியின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பே ஃபோர்க் எனப்படுவது. மரக்கிளை இரண்டாகப் பிரியும் கவையைப் போல, ஒரு தலையினின்று இரு கால்கள் கீழிறங்குவது அதன் வடிவம். நம் பாட்டனார் காலத்துச் சைக்கிளில் அஃது அசைவற்ற இரும்புக் கவையாய் இருந்தது. சக்கரம் குழியில் வீழ்ந்தால் அதிர்ச்சி அப்படியே மணிக்கட்டிற்கும் தோளிற்கும் ஏறும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தாது. ஆதலின் அதன் கால் ஒவ்வொன்றும், ஒன்றனுள் ஒன்று புகுந்து வழுக்கும் இரு குழல்களால் ஆக்கப்பட்டது. உள்ளே சுருள்வில்லோ அழுத்தப்பட்ட காற்றோ நின்று அதிர்ச்சியைத் தாங்கும். எண்ணெய் சிறு துளைகளின் வழியே புகுந்து வெளிப்பட்டு, வண்டி மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இராதவாறு அடக்கும். உட்புறத்திலுள்ள புஷ் என்னும் வளையங்கள் குழல்கள் ஆட்டமின்றி நேராக வழுக்கச் செய்யும். இரு குழல்களும் கூடும் வாயில் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறாமலும், வெளியிலுள்ள புழுதி உட்புகாமலும் காப்பது அதுவே. இச்சிறு வளையத்தை அன்பர்கள் நினைவிற் கொள்க. பின்னர் வரும் செய்தியனைத்தும் அதனைச் சுற்றியே அமையும்.

பொதுவாக வழங்கும் ஃபோர்க்கில் மெல்லிய உள்குழல் மேலே நிற்கும். ஹேண்டில்பாருக்குக் கீழேயுள்ள தலைப்பிடி அதனை இறுகப் பற்றியிருக்கும். பருத்த வெளிக்குழல் கீழே நின்று சக்கரத்தைத் தாங்கும். கீழ்க்கால்கள் இரண்டும் டயருக்கு மேலே வளைந்து செல்லும் ஒரு பாலத்தால் இணைக்கப்பட்டிருக்கும். மலைமிதிவண்டிகளில் இக்கால்களும் பாலமும் பெரும்பாலும் மக்னீசியத்தால் ஒரே வார்ப்பாக வார்க்கப்படும்.

தலைகீழ் ஃபோர்க்கில் இம்முறை மாறும். பருத்த வெளிக்குழல் மேலே சென்று தலைப்பிடியிற் பொருந்தும். மெல்லிய உள்குழல் கீழே இறங்கிச் சக்கரத்தின் அச்சைப் பற்றும். டயருக்கு மேலே பாலம் இல்லை. பளபளக்கும் உள்குழல் சக்கரத்தின் அருகே, நிலத்திற்கு அண்மையில் நிற்கும். வேறுபாடு இவ்வளவே. உறுதியும் ஊறும் ஆகிய இரண்டும் இதனினின்றே பிறக்கின்றன.

குழலுக்குள் குழல் வழுக்கும் முறை மோட்டார் சைக்கிளினின்று மிதிவண்டிக்கு வந்தது. எண்ணெயால் அதிர்வடக்கும் இத்தகைய ஃபோர்க்கை ஜெர்மானிய நாட்டுப் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935-ஆம் ஆண்டிலேயே தன் ஆர்-12 என்னும் வண்டியில் அமைத்து விற்றது. மிதிவண்டியுலகில் அஃது இடம்பெற அரை நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. 1989-இல் அமெரிக்க நாட்டு ராக் ஷாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆர்.எஸ்.-1, மலைமிதிவண்டிக்கெனப் பரவலாக விற்கப்பட்ட முதல் ஃபோர்க்குகளுள் ஒன்று. தலைகீழ் அமைப்பும் அதனை அடுத்து 1990-களிலேயே தோன்றிவிட்டது. பின்னர் மானிட்டோவின் டொராடோவும் மார்சோக்கியின் ஷிவரும் செங்குத்தான சரிவில் இறங்குவார்க்கென வந்தன. கேனன்டேல் நிறுவனம் ஒரே காலையுடைய லெஃப்டி என்னும் தலைகீழ் ஃபோர்க்கை ஆக்கியது. 2014-இல் ராக் ஷாக்ஸ், தன் முதல் ஃபோர்க்கின் பெயரையே மீண்டும் சூட்டித் தலைகீழ் ஃபோர்க் ஒன்றை வெளியிட்டது. 2025-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பொடியம் வந்தது. எனினும் இன்றும் கடைகளில் விற்கும் மலைமிதிவண்டிகளுட் பெரும்பாலானவை பழைய அமைப்பையே உடையன. முப்பது ஆண்டுகட்கு மேலாக வந்து வந்து செல்லும் ஒரு பொருளில் நன்மையும் இருத்தல் வேண்டும், இடர்ப்பாடும் இருத்தல் வேண்டும் அன்றோ?

இவ்வமைப்பைக் காண நாம் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் காஞ்சிபுர மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் தொழிற்சாலைகள் உள. அந்நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் மோட்டார் சைக்கிளில் 41 மி.மீ. குழலுடைய பழைய அமைப்பு ஃபோர்க் இருந்தது. மடிப்பு மடிப்பான ரப்பர் உறை அதன் உள்குழலை மூடியிருந்தது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-இலோ 43 மி.மீ. குழலுடைய தலைகீழ் ஃபோர்க் இடம்பெற்றது. 2024-இல் அதே எஞ்சினைக் கொண்டு, நகரச் சாலையை நோக்கமாக வைத்து வந்த கெரில்லா 450-க்கு அந்நிறுவனம் பழைய அமைப்பையே அளித்தது. ஒரே நிறுவனம், ஒரே எஞ்சின். ஆயின் மலையேறும் வண்டிக்கு ஒன்று, ஊர்சுற்றும் வண்டிக்கு மற்றொன்று. எது உயர்ந்தது என்னும் வினாவிற்கு முன்னர், எதற்கு என்னும் வினா நிற்கின்றது என்பது இதனாற் புலனாகும்.

உறுதி

தலைகீழ் அமைப்பின் முதல் நன்மை வளையாமை. முன்பிரேக்கை அழுத்தும்பொழுதும் கல்லில் மோதும்பொழுதும் சக்கரம் ஃபோர்க்கைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. நீண்ட கோலின் ஒரு முனையைச் சுவரிற் புதைத்து மறுமுனையை அழுத்தினால், கோல் முறிவது சுவரை ஒட்டிய இடத்தில். அங்ஙனமே ஃபோர்க்கை வளைக்கும் விசை மிகுவது தலைப்பிடியை ஒட்டிய இடத்தில். பருத்த குழலை அங்கே நிறுத்துதல் அறிவுடைமையாகும். சுவரின் தடிப்பு ஒன்றேயாகிய இரு குழல்களை ஒப்பிட்டால், வளையாமை ஏறத்தாழ விட்டத்தின் மும்மடியாகப் பெருகும். 36 மி.மீ. குழல் நின்ற இடத்தில் 45 மி.மீ. குழலை நிறுத்தினால் விட்டம் காற்பங்கே மிகுகின்றது. வளையாமையோ ஏறத்தாழ இருமடங்காகின்றது.

இரண்டாவது நன்மை எண்ணெய்ப்பசை. பழைய அமைப்பில் சீல் வெளிக்குழலின் உச்சியில், வானோக்கி இருக்கும். மேலிருந்து விழும் புழுதி அதன்மேற் படியும். உள்ளேயுள்ள எண்ணெய் தாழ்ந்து கிடத்தலின் மேலேயுள்ள சீலும் புஷ்ஷும் உலர்ந்துபோதலும் உண்டு. தலைகீழ் ஃபோர்க்கில் சீல் நிலம் நோக்கி நிற்றலின் அதன்மேற் புழுதி படிதல் குறைவு. எண்ணெயும் தானே இறங்கி வந்து அதனை நனைத்துக்கொண்டிருக்கும். ஆதலின் குழல்கள் சிறு அதிர்விற்கும் இசைந்து மெல்ல வழுக்கும்.

மூன்றாவதாக ஒரு நன்மை கூறுவர். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் பகுதி எடை குறைந்திருந்தால், அது தரையின் மேடுபள்ளங்களை விரைந்து பின்பற்றும். தலைகீழ் அமைப்பில் பருத்த பகுதி மேலே நின்றுவிடுதலின் இவ்வெடை குறையும் என்பர். மோட்டார் சைக்கிளில் இக்கூற்றிற்கு வலிமை உண்டு. மிதிவண்டியிலோ பழைய அமைப்பின் கீழ்க்கால்கள் மெல்லிய மக்னீசிய வார்ப்பாதலின் இந்நன்மை சிறிதே. ஃபோர்க்கின் மொத்த எடையை நோக்கின் தலைகீழ் ஃபோர்க் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும்.

ஊறு

இனி ஊறுகளை நோக்குவோம். முதலாவது முறுக்கம். பாலம் இல்லாமையால் கீழ்க்கால்கள் இரண்டையும் பிணைத்து நிற்பது சக்கரத்தின் அச்சு ஒன்றே. வண்டிச்சுவட்டிற் சிக்கிய சக்கரத்தை ஹேண்டில்பாரால் திருப்பினால், கைகள் திரும்பிய பின்னரே சக்கரம் திரும்புவதுபோல் தோன்றும். இக்குறையை நீக்கப் பொறியாளர் பலவாறு முயன்றனர். 2014-ஆம் ஆண்டின் ஆர்.எஸ்.-1 ஃபோர்க்கிற்கெனத் தனியாக ஒரு பருத்த ஹப் ஆக்கப்பட்டது. அதனை வாங்கியவர் தம்மிடமுள்ள வேறு சக்கரத்தை மாட்ட இயலாது போயிற்று. லெஃப்டியில் குழலின் உட்பகுதியைத் தட்டையான முகங்களாக்கி, அவற்றின்மேல் ஊசிபோன்ற உருளைகளை ஓடவிட்டனர். அதனால் குழல் சுழலாது வழுக்கும். முறுக்கம் ஓட்டுநர்க்குச் சிறு இடையூறேயன்றி ஃபோர்க்கை அழிப்பதன்று. எனினும் அச்சை முறையாகப் பொருத்தாவிடின் இரு கால்களும் ஒன்றையொன்று இழுத்து நிற்கும். புஷ் ஒருபுறமாகத் தேயும்.

இரண்டாவது ஊறே பெரிது. உள்குழலின் மேனி ஃபோர்க்கின் உயிர்நிலையாகும். மலைமிதிவண்டியில் அது பெரும்பாலும் அலுமினியம். அதன்மேல் அனோடைசிங் என்னும் முறையால் ஆக்கப்பட்ட கடினமான படலம் ஒன்று உண்டு. அப்படலம் தலைமயிரின் பருமனினும் மெல்லியது. மோட்டார் சைக்கிளில் உள்குழல் பெரும்பாலும் எஃகு. அதன்மேல் குரோமியப் பூச்சு இருக்கும். பழைய அமைப்பில் இம்மேனி டயருக்கு மேலே உயர்ந்து நிற்கின்றது. தலைகீழ் அமைப்பிலோ அது கல்லும் முள்ளும் சேறும் தாக்கும் இடத்திற்கு இறங்கி வந்துவிடுகின்றது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கங்களில் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலைகளைக் கண்டவர், சரளைக்கல் எவ்வாறு தெறிக்கும் என்பதனை அறிவர். பாறையிடுக்கிற் புகும் சக்கரத்தோடு உள்குழலும் புகுகின்றது. வண்டி சாய்ந்து வீழ்ந்தால் நிலத்தில் உராய்கின்றது. டொராடோ முதலியவற்றில் குழலின் முன்னே பிளாஸ்டிக் காப்புகளை அமைத்திருப்பது இதுபற்றியே.

குழலிற் சிறு கீறல் விழுந்தால் குழல் முறிந்துவிடுமோ எனின், முறியாது. தீங்கு வேறு வகையாக வரும். எம் தெருவில் வாழும் முதிய நெசவாளர் ஒருவரிடம் யாம் சிறுவயதிற் கேட்டது ஈண்டு நினைவிற்கு வருகின்றது. தறியில் பாவிழைகள் அச்சின் பற்களினூடே ஒவ்வொன்றாகப் புகுந்து வரும். ஓரிடத்தில் இழை அடிக்கடி அறுவதனைக் கண்ட நாம், நூல் கெட்டதோ என்று வினவினேம். அவர் நகைத்து, "இழை அறுந்தால் இழையைக் குறை சொல்லாதே தம்பி, முதலில் அச்சைத் தடவிப் பார்," என்றார். தடவியவிடத்து ஒரு பல்லின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று விரலிற் குத்தியது. வந்து போகும் ஒவ்வொரு முறையும் அப்பிசிறு இழையை அறுத்துக்கொண்டிருந்தது. தமிழில் தறியின் உறுப்பும் சக்கரத்தின் உறுப்பும் அச்சு என்னும் ஒரே பெயர் பெற்றிருத்தல் தற்செயலாயினும், இரண்டிடத்தும் பாடம் ஒன்றே. உள்குழலில் எழுந்த பிசிறு, அதன்மேல் ஆயிரக்கணக்கான முறை வழுக்கிச் செல்லும் சீலின் மெல்லிய உதட்டை அறுக்கும். சீல் அறுந்தால் எண்ணெய் கசியும், புழுதி உட்புகும், புகுந்த புழுதி புஷ்ஷைத் தேய்க்கும்.

மூன்றாவது ஊறு இதன் தொடர்ச்சி. பழைய அமைப்பில் சீல் எண்ணெய் மட்டத்திற்கு மேலே நிற்றலின் கசிவு மெல்ல நிகழும். தலைகீழ் அமைப்பில் எண்ணெய் சீலின்மேலேயே தங்குகின்றது. அது கசிந்தால் உள்குழலின் வழியே நேரே கீழிறங்கும். அங்கே இருப்பது டிஸ்க் பிரேக். பிரேக் கட்டையிற் சில துளி எண்ணெய் ஊறினாலும் போதும். அது வட்டைப் பற்றாமல் வழுக்கும். உறுப்பின் பழுது என்னும் நிலை மாறி உயிர்க்கு இடர் என்னும் நிலை வருவது இவ்விடத்தில்தான்.

எம் நண்பர்க்கு நேர்ந்ததும் இதுவே. சிங்கப்பூரில் தொழில் புரியும் அவர்தம் மாமா, தாம் ஓட்டிய மலைமிதிவண்டியை அவருக்கு அளித்திருந்தார். அதில் இருந்தது தலைகீழ் ஃபோர்க். சென்ற ஆண்டு யாம் சிலர் ஜவ்வாது மலைக்குச் சென்று மீண்டபொழுது, வண்டிகளை ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றினோம். நண்பரின் வண்டியைக் கயிற்றாற் கட்டியவர் யாமே. ஆடாது நிற்றல் வேண்டும் என்று கருதி, மண் படிந்திருந்த உள்குழலின்மேற் கயிற்றைச் சுற்றி வலித்து முடிந்தோம். வழிநெடுகச் சரக்கு வண்டி குலுங்கியது. கயிற்றிற்கும் குழலிற்கும் இடையிற் சிக்கிய மணல் அக்குழலை அரம்போல் அராவியதனை யாம் அறிந்திலேம். மணலில் உள்ள குவார்ட்சு, அலுமினியத்தின் மேற்படலத்தினும் கடினமானது.

சில நாட்கள் கழித்து, உள்குழலில் எண்ணெய் வளையம்போற் படிந்திருப்பதை நண்பர் கண்டு, இஃது எங்கிருந்து வந்தது என்று எம்மை வினவினார். "யாரோ எண்ணெய் விட்டிருப்பர்," என்று கூறி, உலர்ந்த கந்தையொன்றால் யாமே அதனைத் துடைத்துவிட்டோம். அதன்பின் அதனை ஒருவரும் எண்ணவில்லை. இரு வாரங்களில் ஏலகிரிக்குச் சென்றோம். அம்மலைச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் 14 உள. இறங்கும்பொழுது மூன்றாவது வளைவில் நண்பரின் முன்பிரேக் பற்றவில்லை. பின்பிரேக் ஒன்றினால் அவ்வேகம் அடங்கவில்லை. ஓரச்சுவரில் மோதி வீழ்ந்தார். சுவர் இல்லாத இடத்தில் அது நிகழ்ந்திருந்தால் யாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அப்பருவத் தேர்வை அவர் எழுத இயலவில்லை. அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைத்தாரில்லை. அதுவே எம்மை மிகவும் வருத்தியது.

வண்டியைச் சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். அவர் சிறிது பஞ்சை எடுத்துக் குழலின்மேல் மேலும் கீழும் தடவினார். ஓரிடத்தில் பஞ்சின் இழைகள் சிக்கி நின்றன. "இங்கே கயிறு கட்டினீர்களா தம்பி?" என்று அவர் வினவியபொழுது யாம் விடை கூறாது நின்றோம். ஃபோர்க் தன் வேலையைச் செம்மையாகவே செய்திருந்தது. குறை அதனைக் கட்டிய கையினதும், கசிவைக் கண்டும் காணாத கண்ணினதும் ஆகும்.

காப்பு

இனி இத்தகைய ஃபோர்க்கை உடையார் மேற்கொள்ள வேண்டுவனவற்றைத் தொகுத்துரைப்போம்.

ஓட்டி மீண்டபின் உள்குழலிற் படிந்த சேற்றை நீரால் நனைத்து, மென்மையான ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். உலர்ந்த சேற்றை உலர்ந்த துணியால் துடைத்தல் மணற்றாளால் தேய்ப்பதனை ஒக்கும். காற்றுப்போல் வேகமாக நீர் பீய்ச்சும் கருவியைச் சீலின் வாயில் நேரே செலுத்துதல் கூடாது. பிளாஸ்டிக் காப்பு இருந்தால் அதனை நீக்கி, அதன் பின்புறத்திற் சேர்ந்த மண்ணையும் அவ்வப்போது அகற்றுக. காப்பே மண்ணைத் தாங்கிக் கேடு செய்தலும் உண்டு.

கீறலைக் கண்டால் அதனை நகத்தால் தடவிப் பார்க்க. நகம் தடையின்றிச் சென்றால் அது மேற்பூச்சில் விழுந்த கோடு மாத்திரமே; அச்சம் வேண்டா. நகமோ பஞ்சோ சிக்கினால் அது சீலை அறுக்கும் பிசிறு. அக்கீறல் நிற்கும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். ஓட்டுநர் ஏறி அமர்ந்தபின் சீல் இடைவிடாது வழுக்கும் பகுதியில் இருந்தால் தீங்கு மிகுதி. பெரிய அதிர்ச்சியில் மாத்திரம் சீல் சென்று தொடும் அடிப்பகுதியில் இருந்தால் குறைவு. சிறு பிசிறாயின் மிக நுண்ணிய மணற்றாளை நீரில் நனைத்து, எழுந்து நிற்கும் பகுதியை மாத்திரம் தேய்த்து, பள்ளத்தை எப்பாக்சி பசையால் நிரப்பிச் சமன் செய்வர். இது தேர்ந்தவர் கையாற் செய்யத்தக்கது. அதுவும் நிலையான மருந்தன்று. எஃகுக் குழலுக்குக் குரோமியத்தை மீண்டும் பூசுதல் இயலும். அலுமினியக் குழல் ஆழமாகப் புண்பட்டால் புதியது மாற்றுவதே தக்கது. வீழ்ச்சியில் வளைந்த அலுமினியக் குழலை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்துதல் கூடவே கூடாது. கடற்கரை ஊர்களில் எஃகுக் குழல் உடையார், குரோமியத்திற் புள்ளி புள்ளியாகத் துரு எழுகின்றதா என்பதனையும் நோக்கிக்கொள்க.

உள்குழலில் மெல்லிய எண்ணெய்ப்பசை இருத்தல் இயல்பு. அது வளையமாகத் திரண்டாலும், துடைத்தபின் மீண்டும் மீண்டும் தோன்றினாலும், கீழே வழிந்தாலும் வண்டியை அன்றே நிறுத்துதல் வேண்டும். எண்ணெய் ஊறிய பிரேக் கட்டையை மாற்றுக. கழுவிப் பயன்படுத்தலாம் என்று எண்ணற்க. ஒவ்வொரு முறையும் மலையிறங்கத் தொடங்குமுன் சமநிலத்தில் முன்பிரேக்கை அழுத்திப் பார்த்தல் ஒரு நொடி வேலை. அந்நொடியை யாம் செலவிடாமையால் நண்பர்க்கு ஒரு பருவம் கழிந்தது.

வண்டியை ஏற்றிச் செல்லும்பொழுது உள்குழலின்மேற் கயிறு படுதலாகாது. சட்டத்திலோ சக்கரத்திலோ கட்டுக. ரயிலில் பார்சலாக அனுப்பும்பொழுது கோணியாற் சுற்றுமுன், உள்குழலைத் தூய துணியாலும் அட்டையாலும் போர்த்துக. சக்கரத்தை மாட்டும்பொழுது அச்சைச் செருகியபின், ஹேண்டில்பாரைப் பற்றி ஃபோர்க்கைச் சில முறை அழுத்திவிட்டு, இரு கால்களும் தாமே நேராக நின்றபின் அச்சுப்பிடியை இறுக்குக. எண்ணெயும் சீலும் பார்ப்பதற்கு உரிய காலத்தை ஃபோர்க் செய்தவர் குறித்திருப்பர். ராக் ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகள் பலவற்றிற்கு 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை கீழ்க்காலைத் திறந்து தூய்மை செய்து எண்ணெய் மாற்றுமாறு கூறுகின்றது. புழுதி மிக்க நம் நாட்டில் அதனைத் தள்ளிப்போடுதல் தகாது.

முடிவு

அங்ஙனமாயின் தலைகீழ் ஃபோர்க் நெடிதுழைக்குமோ உழையாதோ? வளைக்கும் விசையைத் தாங்குவதில் அது பழைய அமைப்பிற்கு இளைத்ததன்று. பல இடங்களில் மேம்பட்டது. சீலும் புஷ்ஷும் எண்ணெயில் நனைந்திருத்தலால் நன்கு பேணப்பட்டால் அவையும் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் மெல்லிய மேனி கல்லின் அருகே நிற்கின்றது. அதன் கசிவு பிரேக்கின்மேல் விழுகின்றது. ஆதலின் அது பொறுத்துக்கொள்ளும் கவனக்குறைவின் அளவு சிறிது. செங்குத்தான சரிவுகளில் விரைந்து இறங்குவார்க்கும், தம் வண்டியைத் தாமே பேணுவார்க்கும் அது தக்கது. கல்லூரிக்கும் கடைத்தெருவிற்கும் சென்று மீண்டு, வண்டியைச் சுவரிற் சாய்த்துவிட்டு மறந்துவிடுவார்க்குப் பழைய அமைப்பே ஏற்றது. உதிரி உறுப்பு எளிதிற் கிடைக்குமா என்பதனையும் வாங்குமுன் எண்ணுதல் வேண்டும். நம் நாட்டிற் செய்யப்படும் மோட்டார் சைக்கிளுக்கு அது பெருங்குறையன்று. அருகி வழங்கும் அயல்நாட்டு மிதிவண்டி ஃபோர்க்கிற்கோ ஒரு சீல் வருவதற்கும் மாதங்கள் காத்திருக்க நேரும். எம் நண்பர் அங்ஙனம் காத்திருந்தார்.

அவர் மணிக்கட்டு இப்பொழுது நலமுற்றது. விடுபட்ட தேர்வையும் அடுத்த பருவத்தில் எழுதித் தேறிவிட்டார். புதிய உள்குழல் பொருத்தப்பட்ட வண்டி மீண்டும் நம் நிறுத்தத்தில் நிற்கின்றது. மாலைதோறும் யாம் இருவரும் அதனருகே ஈரத்துணியோடு குனிந்திருப்பதைக் கண்டு நகைக்கும் அன்பர்கள் சிலர் உளர். அவர்கள் சற்றே அருகில் வந்து, தத்தம் வண்டியின் குழலையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.